தலைக்கு மேலே 189 கிலோமீட்டர்

மதுரையிலிருந்து கொச்சிக்கு வானில் கோடு போட்டால் அது போடி மலையை உரசிக்கொண்டு போகிறது. அந்த மலையில் வேலை செய்கிறவர்களுக்கோ எந்த விமான நிலையமும் பக்கத்தில் இல்லை. ஏலமலைக்கு உண்மையில் தேவைப்படுவது என்ன?

மதுரை விமான நிலையத்தையும் நெடும்பாசேரியில் இருக்கும் கொச்சி விமான நிலையத்தையும் வரைபடத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி மூன்றுக்கும் சற்றுத் தெற்கே அந்தக் கோடு ஓடுகிறது. போடிநாயக்கனூரை நாலு கிலோமீட்டர் அளவுக்கு விலகிக் கடந்து மலையேறுகிறது. பூப்பாறை, அடிமாலி, கோதமங்கலம் பக்கமாக இறங்கி நெடும்பாசேரியில் முடிகிறது. மொத்த நீளம் சுமார் 189 கிலோமீட்டர். விமானிகளின் கணக்கில் 102 கடல் மைல்.

போடியிலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 84 கிலோமீட்டர். கொச்சி விமான நிலையம் சுமார் 105. இரண்டையும் கூட்டினால் அதே 189 வருகிறது. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே, ஏறக்குறைய ஒரே கோட்டில், போடி உட்கார்ந்திருக்கிறது. கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையும் மலைக்குள் ஏறக்குறைய இதே தடத்தில்தான் வளைந்து வளைந்து போகிறது. அந்தக் காலத்தில் பொதிமாடு ஓட்டியவர்கள் ஏறிய கணவாயும், இன்று பொறியாளர் போட்ட சாலையும், வானத்துக் கோடும் ஒரே இடத்தில் மலையைக் கடப்பது தற்செயல் இல்லை. கிழக்கையும் மேற்கையும் இணைக்க இங்கே மலை விட்டுக்கொடுத்த வழி அதுதான்.

வரைபடத்தில் இத்தனை வசதியாக அமைந்த ஊர், நடைமுறையில் விமானத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

கணக்கும் நடப்பும்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான பயண நேரத்துக்குப் பொதுவாக ஒரு சுலபமான கணக்கு உண்டு. உருண்டையான பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே மிகக் குறுகிய வளைகோட்டை எடுத்துக்கொள்வார்கள். அதை ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரைமணி நேரம் சேர்ப்பார்கள். அந்தக் கணக்குப்படி மதுரை–கொச்சி 44 நிமிடம்.

இவ்வளவு குறுகிய வழியில் பெரிய ஜெட் விமானம் ஓட்டினால் கட்டுப்படியாகாது. எழுபது பேர் உட்காரும் ஏடிஆர் போன்ற விசிறி விமானம்தான் பொருந்தும். அதன் வேகம் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர். வானில் கழியும் நேரத்தோடு, ஓடுபாதை வரை உருண்டு போவதும், இறங்கியபின் நிறுத்துமிடம் வரை வருவதும் சேர்ந்தால் ஐம்பது நிமிடம் ஆகிவிடும். நடுவில் மலை வேறு. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில், இந்தக் கோட்டுக்கு வடக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டரில் நிற்கிறது. மலைப் பகுதியில் மிக உயர்ந்த இடத்துக்கு மேல் குறைந்தது 2,000 அடி இடைவெளி விட்டே பறக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் விமானம் சுமார் 11,000 அடிக்கு ஏற வேண்டும். ஏறி முடித்தவுடனே இறங்கத் தொடங்க வேண்டும்.

மதுரையில் விமானம் ஏறிக் கொச்சி போக விரும்புகிறவர், பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ விமானம் மாற வேண்டியிருக்கிறது. மதுரையிலிருந்து சென்னை வானில் சுமார் 416 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கொச்சி சுமார் 517. ஆக, 189 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு 933 கிலோமீட்டர் பறக்க வேண்டும். அதுவும் ஐந்து மடங்கு தூரம், எதிர்த்திசையில். நடுவே சென்னையில் காத்திருக்கும் நேரம் தனி. அதற்குள் போடிமெட்டு வழியாகக் காரில் கிளம்பியவர் கொச்சியை நெருங்கியிருப்பார்.

உலகில் மிகக் குறுகிய தூரத்துக்கும் விமானம் ஓடத்தான் செய்கிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே 2.7 கிலோமீட்டர்தான். 1967 முதல் லோகன்ஏர் நிறுவனத்தின் சிறு விமானம் அங்கே போய்வருகிறது. அட்டவணையில் அதற்கு இரண்டு நிமிடம். காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. தீவுக் குழந்தைக்கு ஆசிரியரும் நோயாளிக்கு மருத்துவரும் தேவை என்று அரசு முடிவு செய்ததால் அந்த விமானம் ஓடுகிறது. எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, யாருக்காக ஓட்டுகிறோம் என்பதே அங்கே முதல் கேள்வி.

வானில் இறங்கிய தேயிலைப் பெட்டி

போடி மலைக்கு வான்வழிப் போக்குவரத்து புதிதல்ல. நூறு ஆண்டுக்கு முன்பே இங்கே சரக்கு காற்றில் போயிருக்கிறது.

மூணாறு தோட்டங்களில் விளைந்த தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்க வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனிகள் தேர்ந்தெடுத்த வழி, கிழக்கே போடிப் பக்கம் இறங்குவது. 1902-இல் மூணாறிலிருந்து மலையின் கிழக்கு விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். வண்டியை இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை மாற்றிக் குறுகிய ரயில் பாதையாக்கி நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்துவிடும். அதற்குக் கீழே ஆயிரம் மீட்டருக்கும் மேலான செங்குத்துச் சரிவு. அங்கிருந்து அடிவாரத்துக் கொட்டகுடி வரை, சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிவடம் கட்டி, தேயிலைப் பெட்டிகளை அந்தரத்தில் இறக்கினார்கள். மேலே டாப் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன். கொட்டகுடியிலிருந்து வண்டியில் போடிக்கு வந்து, பிறகு கப்பலேறி அந்தத் தேயிலை இங்கிலாந்து போனது.

1924 ஜூலையில் பெய்த பேய்மழை அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தார் இன்றும் அதை 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே சொல்கிறார்கள். ரயில் மறுபடி ஓடவேயில்லை. மூணாறு தேயிலை நாளடைவில் மேற்கே கொச்சிப் பக்கம் திரும்பியது.

இன்றைக்கு நிலைமை என்ன? கொட்டகுடிக்குப் பக்கத்தில்தான் குரங்கணி. மலையடிவாரக் கிராமம். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் டாப் ஸ்டேஷன் விளிம்பு கண்ணுக்கெதிரே தெரியும். நேர்கோட்டில் சில கிலோமீட்டர்தான். காரில் அங்கே போக வேண்டுமானால் போடிக்கு வந்து, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, பூப்பாறை வழியாக மூணாறு போய், மாட்டுப்பட்டி, குண்டளை தாண்டிச் சுற்றி வர வேண்டும். நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 1910-களில் தேயிலைப் பெட்டி போன வழியில் இன்று மனிதன் போக முடியாது. நடந்து ஏறினால்தான் உண்டு.

ரயில் போனதும் வந்ததும்

மதுரை–போடி ரயில் 1928-இல் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். விடுதலைக்குப் பிறகு மறுபடி போட்டார்கள். மீட்டர்கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. அகலப்பாதை வேலை என்று சொன்னார்கள். 90 கிலோமீட்டர் பாதை. தேனி வரை ரயில் திரும்பிவர 2022 மே மாதம் ஆனது. போடிக்கு வந்தது 2023 ஜூன் 15-இல். பன்னிரண்டரை ஆண்டு இந்த ஊர் ரயில் சத்தம் கேட்காமல் இருந்தது. அன்று முதல் சென்னை சென்ட்ரலுக்கும் போடியிலிருந்தே வாரத்தில் மூன்று நாள் ரயில் கிளம்புகிறது.

மலையின் அந்தப் பக்கமுள்ள இடுக்கி மாவட்டத்தில் ரயில் நிலையமே கிடையாது. பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கத்து மக்களுக்குப் பக்கத்து ரயில் என்றால் அது போடிதான். இரண்டு மாநிலத்து மலைமக்களின் வாசல் இந்த ஒரே ஸ்டேஷன். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் விமானத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

காய்க்கு அவசரமில்லை

போடி என்றால் ஏலக்காய். காலை விடியும் முன்பே போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பகுதிகளிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மடியில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு, மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் தாள். தோட்டத்தில் அவர்கள் நின்று பறிப்பதில்லை. ஏலச்செடியின் சரம் தூரடியிலிருந்து மண்ணோடு படர்ந்து ஓடும். ஈர மண்ணில் குனிந்தும் குத்தவைத்தும், முற்றிய காயை மட்டும் விரலால் தடவி எடுக்க வேண்டும். பிஞ்சு அடுத்த எடுப்புக்கு நிற்க வேண்டும். மாலையில் அதே ஜீப்பில், அதே வளைவுகளில் இறங்கி வீடு திரும்ப வேண்டும்.

பறித்த பச்சைக்காய், 'ஸ்டோர்' எனப்படும் உலர்த்தும் கூடத்தில் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கச் சூட்டில் காயும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். சலித்து, தரம் பிரித்து, மூட்டையாகி, மசாலா வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வரும். அந்த ஏலம் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது.

இத்தனை விலையுள்ள, எடை குறைந்த சரக்கு விமானத்துக்கு ஏற்றதுதானே என்று தோன்றும். ஆனால் நன்றாகக் காய்ந்த ஏலக்காய் மாதக்கணக்கில் கெடாது. லாரியில் டெல்லிக்கும் கான்பூருக்கும் போகலாம். கப்பலில் வளைகுடாவுக்குப் போகலாம். உலகத்தில் அதிகமாக ஏலக்காய் விளைவிக்கும் குவாதமாலாவும் இதைத்தான் செய்கிறது. 1914 வாக்கில் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் இந்தப் பயிரை அங்கே கொண்டுபோனார். அதன் தாயகம் இந்த மேற்குத் தொடர்ச்சி மலை. குவாதமாலாவில் ஏலக்காய் மலைகளின் தலைநகரான கோபானில் ஒரு சிறு விமான நிலையம் இருக்கிறது. போடிக்கும் கோபானுக்கும் வானில் சுமார் 16,900 கிலோமீட்டர், கிட்டத்தட்ட பூமியின் மறுபக்கம். அந்த ஊரின் காயும் சாலையில் இறங்கிக் கப்பலில்தான் அரபு நாடுகளுக்குப் போகிறது. அதே சந்தையில்தான் நம் காயோடு அது போட்டி போடுகிறது.

ஆகவே ஏலக்காயைக் காரணம் காட்டி மலையில் விமான நிலையம் கேட்பதில் பொருளில்லை. காய்க்கு அவசரமில்லை. அதைப் பறிக்கிறவருக்குத்தான் அவசரம் வரும்.

மலைமேல் இறங்கிய இரண்டு விமானங்கள்

ஏலமலையில் விமானம் இறக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. இரண்டுமே கேரள எல்லைக்குள்.

வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் தேசிய மாணவர் படைக்காக 650 மீட்டர் ஓடுபாதை அமைத்தார்கள். மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுத்தருவது நோக்கம். பேரிடர் காலத்தில் உதவும் என்றும் சொன்னார்கள். முதலில் இறங்க முயன்றபோது ஓடுபாதை முனையிலிருந்த மேடு குறுக்கிட்டது. 2022 மழைக்காலத்தில் ஓடுபாதையின் ஒரு பக்கம் மண்ணோடு சரிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி இரண்டு பேர் மட்டும் உட்காரும் வைரஸ் எஸ்டபிள்யூ-80 என்ற மிகச் சிறிய விமானம் அங்கே இறங்கியது. பக்கத்திலேயே பெரியாறு புலிகள் காப்பகம் இருப்பதால் வனத்துறையின் ஆட்சேபமும் எழுந்தது.

இரண்டாவது, 2024 நவம்பர் 11-இல் நடந்தது. கொச்சி போல்காட்டியில் நீரிலிருந்து எழும்பிய ட்வின் ஆட்டர் கடல் விமானம், மூணாறு மாட்டுப்பட்டி அணையில் இறங்கியது. நேர்கோட்டில் சுமார் 95 கிலோமீட்டர், அரைமணி நேரப் பறத்தல். சாலையில் அதற்கு நாலு மணி நேரம் பிடிக்கும். மாட்டுப்பட்டியிலிருந்து போடி வானில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. அது யானைகள் நடமாடும் பகுதி என்பதால் வனத்துறை கவலை தெரிவித்தது. அது நியாயமான கவலை.

இயற்கையும் இங்கே விமானத்துக்குச் சாதகமாக இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்கும் இறக்கைக்கும் பிடிமானம் குறையும், ஓடுபாதை நீளமாக வேண்டும். நீளமான ஓடுபாதைக்கு மலையை வெட்ட வேண்டும். வெட்டிய மலை மழையில் சரியும் என்பதைச் சத்திரமே காட்டிவிட்டது. நேபாளத்தின் லுக்லாவில் 527 மீட்டர் ஓடுபாதையைச் சரிவாகவே போட்டு 1964 முதல் விமானம் இறக்குகிறார்கள். நேபாளப் பக்கம் எவரெஸ்ட் அடிவாரம் வரை போகும் சாலை கிடையாது என்பதால் அந்த ஆபத்தை ஏற்கிறார்கள். நமக்குச் சாலை இருக்கிறது, ரயிலும் இருக்கிறது. ஏலமலைக்கு உயிர்கொடுப்பதே மேகமும் மழையும்தான். காய் எடுப்பு சூடுபிடிக்கும் மாதங்களில் மூடுபனி எதிரில் வருகிற வண்டியையே மறைத்துவிடும். அட்டவணை போட்டுப் பயணிகள் விமானம் ஓட்ட ஏற்ற இடம் இது இல்லை.

அந்த இரவு

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. உதவிக்கு முதலில் ஓடிவந்தவர்கள் குரங்கணிப் பக்கத்துக் கிராமத்து மக்கள். தீயில் வெந்தவர்களைக் கம்பிலும் போர்வையிலும் டோலி கட்டி, இருட்டில், வழுக்கும் பாறையில் சுமந்து இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. ஆனால் இருட்டிய பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் வானிலிருந்து பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. மறுநாள் விடிந்த பிறகே மீட்பு வேகம் பிடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை வரை கொண்டுபோகப்பட்டு, அங்கே உயிர்விட்டார்கள்.

கோவை சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கிருந்து குரங்கணி நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர். ஹெலிகாப்டருக்கு அரைமணி நேரப் பயணம். அந்த இரவில் குறையாக நின்றது தூரம் இல்லை. மலைச்சரிவில் விளக்குடன் கூடிய ஓர் இறங்குதளம், காயம்பட்டவரை அங்கே கொண்டுசேர்க்கும் பாதை, இன்னாரிடம் சொன்னால் இத்தனை நிமிடத்தில் கிளம்பும் என்ற ஏற்பாடு ஆகியவை இல்லாததுதான் குறை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும். தொலைத்தொடர்பு அறுந்து, வழியிலிருந்த பாலமும் போயிருந்ததால், செய்தி வெளியே வரவே பல மணி நேரம் ஆனது. அப்படிப்பட்ட மழையில் எந்த ஹெலிகாப்டரும் பறக்காது. அதனால்தான் வானத்தை மட்டும் நம்ப முடியாது, தரையிலும் ஏற்பாடு வேண்டும் என்கிறோம்.

தூரத்தை எங்கிருந்து அளப்பது?

ஓடுபாதையிலிருந்து ஓடுபாதை வரை அளந்தால் 189 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். ஏலத்தோட்டத்தில் பாம்பு கடித்த ஒரு பெண்ணின் கால் நின்ற இடத்திலிருந்து அளந்தால் கணக்கே வேறு. தோட்டத்துக்குள் ஜீப் பாதை, பிறகு போடிமெட்டின் வளைவுகள், பிறகு போடி, பிறகு க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. போடிமெட்டுக்கும் போடிக்கும் வானில் பத்து கிலோமீட்டர் அளவுதான். சாலையில் இருபத்தைந்துக்கும் மேல். மழையில் மண் சரிந்து சாலை அடைபட்டால் அதுவும் இல்லை.

மக்களை விமானத்தில் ஏற்றுவதற்காக மத்திய அரசின் 'உடான்' திட்டத்தில் 2017-இல் விமானங்கள் ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று அப்போது உச்சவரம்பு வைத்தார்கள். நல்ல திட்டம். சேலம் போன்ற ஊர்களுக்கு அதனால் விமானம் திரும்ப வந்தது. அதே திட்டத்தின் மானியத்தில் மதுரைக்கும் கொச்சிக்கும் ஒரு சிறு விமானம் ஓடினால், மலைக்குள் ஒரு மரத்தையும் வெட்டாமல் இரண்டு பக்கத்து வியாபாரிகளுக்கும், மாணவர்களுக்கும், நோயாளிகளுக்கும் 933 கிலோமீட்டர் சுற்று மிச்சமாகும். ஓடுபாதைகள் தயாராக இருக்கின்றன. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

மலைச்சரிவுக்கோ நான்கே விஷயங்கள் போதும். குரங்கணியிலும் போடிமெட்டிலும், இடுக்கிப் பக்கத்தில் பூப்பாறை வட்டாரத்திலும், இரவில் இறங்கக்கூடிய ஹெலிகாப்டர் தளங்கள் வேண்டும். அழைத்தால் வரும் வான் ஆம்புலன்ஸ் ஏற்பாட்டில் தமிழகமும் கேரளமும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தீயும் சரிவும் மாநில எல்லை பார்த்து நிற்பதில்லை. பனி மூடி ஹெலிகாப்டர் வர முடியாத நாட்களுக்கு, விஷமுறிவு மருந்தும் தீக்காயத்துக்கு முதல் சிகிச்சையும் மலைமேலேயே கிடைக்கும் சுகாதார நிலையங்கள் வேண்டும். போடியிலிருந்து கிளம்பும் ரயில் மதுரையில் விமானத்தையும் மற்ற ரயில்களையும் பிடிக்கிற நேரத்தில் ஓட வேண்டும்.

இவற்றுக்கு மலையை வெட்ட வேண்டாம், யானையின் வழியை அடைக்க வேண்டாம். ஒரு விமான நிலையம் கட்டும் செலவில் சிறு பங்குகூட ஆகாது. தேனி, இடுக்கி மாவட்டங்களின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்த முறை மேடையேறி விமான நிலையம் கொண்டுவருவேன் என்று சொன்னால், போடி மக்கள் கைதட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: குரங்கணியில் இறங்குதளம் எப்போது?